எஃப்.ரி.பி. மூலம் இணையத்தளக் கோப்புகளை வழங்கிக்குத் தரவேற்றுதல்: வன்னியிலிருந்து புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளிநொச்சியிலும் மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் கணினி படிக்கும் இளையோர் பலர் இன்று நான்கைந்து பக்கங்கள் கொண்ட இணையத்தளமொன்றைத் தாமாகவே எழுதி முடித்துவிடுகிறார்கள். ஊர்க் கோயிலுக்கோ, சனசமூக நிலையத்துக்கோ, தகப்பன் அங்கம் வகிக்கும் கமக்காரர் அமைப்புக்கோ அவர்கள் செய்யும் அந்தத் தளம் தமது மடிக்கணினியில் குறையில்லாமல் திறக்கிறது. ஆனால் தளத்தை இணையத்தில் வைக்க வாடகைக்கு எடுக்கும் ஹோஸ்டிங் இடத்துக்குப் பணம் கட்டி, தளத்தின் முகவரியாகும் ஆள்களப் பெயரையும் வாங்கிய பிறகு, கோப்புகளை அங்கே எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற இடத்தில் வேலை நின்றுபோகிறது. அந்த இடத்தைத் தாண்டுவதற்கு உதவும் நோக்கத்துடனேயே இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு, இரணைமடுக் குளத்து நீரில் வயல் செய்யும் ஒரு கமக்காரர் அமைப்பின் தளத்தை எடுத்துக்கொள்வோம். முகப்புப் பக்கம், விதைநெல் விபரம், சிறுபோக நீர் விநியோக அட்டவணை, படங்கள், தொடர்பு என ஐந்து பக்கங்கள்; பக்கங்களின் நிறத்தையும் எழுத்தமைப்பையும் தீர்மானிக்கும் ஓர் அலங்காரக் கோப்பு; பன்னிரண்டு படங்கள் உள்ள ஒரு கோப்புறை. இவ்வளவுதான் நாம் ஏற்றப்போவது. கோப்புப் பெயர்களையும் நிரலின் பொத்தான்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கோப்புப் பெயர்களை நீங்கள் கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டச்சுச் செய்ய வேண்டும்.

எஃப்.ரி.பி. என்பது என்ன

இணையத்தளம் என்பது வெறும் கோப்புகளின் தொகுதி. அவை எந்நேரமும் இயங்கிக்கொண்டிருக்கும், இணையத்தோடு எப்போதும் தொடுத்திருக்கும் ஒரு கணினியில் இருந்தால்தான் மற்றவர்கள் பார்க்க முடியும். அந்தக் கணினியையே வழங்கி அல்லது சேர்வர் என்கிறோம். உங்கள் கணினியிலிருந்து வழங்கிக்குக் கோப்புகளை அனுப்பவும் அங்கிருந்து திரும்ப எடுக்கவும் இரு கணினிகளும் பேசிக்கொள்ளும் ஒழுங்குமுறைகளில் ஒன்றுதான் எஃப்.ரி.பி. எனப்படும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறை. இதன் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண் என்ற இந்தியர்; அப்போது அவர் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்தார். இன்று வழக்கிலுள்ள வடிவத்துக்கு அடிப்படை 1985 ஒக்ரோபரில் வெளியான ஆவணம்.

இவ்வளவு பழையதாக இருப்பதால் அதற்கு ஒரு பெருங்குறையும் உண்டு. வெறும் எஃப்.ரி.பி. உங்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மறைக்காமல் அப்படியே அனுப்புகிறது. ஒரே வைஃபை வலையில் இருக்கும் வேறொருவர் விரும்பினால் அவற்றைப் படித்துவிட முடியும். எனவே இரண்டு பாதுகாப்பான வழிகளில் ஒன்றையே பயன்படுத்துங்கள். ஒன்று, அதே எஃப்.ரி.பி.யை ரி.எல்.எஸ். என்ற குறியாக்கத்துக்குள், அதாவது பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் முறைக்குள், பொதிந்து அனுப்புவது. இதற்கான வாயில் இலக்கம், அதாவது வழங்கியின் எந்த வாசலில் தட்ட வேண்டும் என்பதைச் சொல்லும் எண், பெரும்பாலும் 21. மற்றையது எஸ்.எஃப்.ரி.பி.; இது பெயரில் ஒத்திருந்தாலும் உள்ளே முற்றிலும் வேறான நெறிமுறை, வாயில் இலக்கம் 22. உங்கள் ஹோஸ்டிங் நிறுவனம் எதைத் தருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். வெறும் எஃப்.ரி.பி. மட்டுமே உண்டு என்று ஒரு நிறுவனம் சொன்னால், அடுத்த வருடக் கட்டணத்தைக் கட்டுமுன் வேறு நிறுவனத்தைத் தேடுவதே நல்லது என்பது என் கருத்து.

முன்னர் உலாவியிலேயே எஃப்.ரி.பி. முகவரியைத் தட்டித் திறக்கக் கூடியதாக இருந்தது. 2021 இல் குரோமும் ஃபயர்ஃபொக்ஸும் அந்த வசதியை நீக்கிவிட்டன. ஆகவே பழைய குறிப்புகளைப் பார்த்து உலாவியில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். இதற்கெனத் தனி நிரல் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஃபைல்சில்லாவைக் கொண்டே இங்கே விளக்குகிறேன். வின்டோஸ் கணினியில் வின்எஸ்சிபி என்ற நிரலும் இதே அளவு நல்லது.

இணைப்பைத் திறக்குமுன் செய்ய வேண்டியவை

புதியவர்கள் அதிகம் அவசரப்படுவதும், பின்னர் அதிகம் சிரமப்படுவதும் இந்தக் கட்டத்தில்தான். வன்னியின் பல ஊர்களில் நாம் டொங்கிளையோ கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டையோ நம்பி வேலை செய்கிறோம். தரவு தீர்ந்துவிடும், அலை குறையும். ஆகையால் இணைப்பே இல்லாமல் செய்யக்கூடிய எல்லாவற்றையும் முதலில் செய்து முடித்துவிட வேண்டும்.

முதலாவது, படங்களின் அளவு. இன்றைய கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படம் 5 மெகாபைற்று வரை வரும். பன்னிரண்டு படங்கள் 60 மெகாபைற்று. தரவேற்ற வேகம் செக்கனுக்கு 1 மெகாபிற்று மட்டுமே கிடைக்கும் இடத்தில் அதை ஏற்றக் குறைந்தது 8 நிமிடங்கள் செல்லும். ஏற்றிய பின்னர், பார்க்க வருகின்ற ஒவ்வொருவரும் அதே 60 மெகாபைற்றைத் தமது தரவிலிருந்து செலவழிக்க வேண்டும். அதே படங்களை 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிச் சேமித்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 கிலோபைற்றுக்குள் அடங்கும். மொத்தமும் இரண்டரை மெகாபைற்றைத் தாண்டாது. இருபது செக்கனில் ஏறிவிடும். வயலில் நின்றபடி நீர் அட்டவணையைப் பார்க்கத் தளத்தைத் திறக்கும் கமக்காரரை மனதில் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யுங்கள்.

இரண்டாவது, கோப்புப் பெயர்கள். என்னிடம் வரும் மாணவர்கள் சொல்லும் முறைப்பாடுகளில் முதலிடம் இதற்குத்தான்: "அண்ணை, என்ர கொம்பியூட்டரில படமெல்லாம் வருது, போனில பாத்தா ஒண்டும் வரேல்ல." பெரும்பாலான வழங்கிகள் லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்குபவை. ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வின்டோஸ் ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸ் வெவ்வேறாகக் கொள்ளும். கமெராவிலிருந்து வந்த படத்தின் பெயர் பெரிய எழுத்தில் 'ஜே.பி.ஜி.' என முடிந்திருக்க, பக்கத்தில் அதைச் சிறிய எழுத்தில் எழுதியிருந்தால், வீட்டுக் கணினியில் படம் தெரியும், வழங்கியில் தெரியாது. எனவே எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்திலேயே வையுங்கள். இடைவெளிக்குப் பதிலாகச் சிறு கோடு இடுங்கள். தமிழ் எழுத்தில் கோப்புப் பெயர் வைக்க முடியுமாயினும், எல்லா நிரலும் எல்லா வழங்கியும் அதை ஒரே விதமாகக் கையாளுவதில்லை. புதியவர்கள் தவிர்ப்பதே நன்று. பெயரை மாற்றினால், அந்தப் பெயர் வரும் ஒவ்வொரு பக்கத்திலும் மாற்ற மறக்கக் கூடாது. பக்கங்களுக்குள் இருக்கும் இணைப்புகள் 'சி டிரைவ்' என்று தொடங்குகின்றனவா என்றும் தேடிப் பாருங்கள். அப்படித் தொடங்கும் இணைப்பு உங்கள் மடிக்கணினியைச் சுட்டுவது. உலகில் வேறு எவருக்கும் அது திறக்காது.

மூன்றாவது, தமிழ் எழுத்து. எங்கள் பகுதியில் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் இன்னமும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்பவர்கள் பலர். பாமினியில் எழுதியது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. 'தமிழ்' என்ற சொல்லைப் பாமினியில் எழுதினால் உள்ளே ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி என ஐந்து குறிகள் சேமிக்கப்படும். அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் அந்த ஐந்து குறிகள்தாம் தெரியும். கூகுளில் 'தமிழ்' என்று தேடினால் அகப்படவும் மாட்டாது. ஆகவே அமைப்பின் செயலாளர் தரும் அறிக்கையை அப்படியே ஒட்டாமல் முதலில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துமுறையாகிய யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பின்னர் கோப்பை யு.ரி.எஃப்.-8 குறிமுறையில் சேமித்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அந்தக் குறிமுறையை அறிவிக்கும் வரியைச் சேருங்கள். யு.ரி.எஃப்.-8 இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைற்று இடம் செல்கிறது. 'வவுனிக்குளம்' என்ற சொல்லில் விசிறியும் புள்ளியும் சேர்த்துப் பன்னிரண்டு குறிகள் இருப்பதால், அது 36 பைற்று. அறிவிப்பு வரி இல்லாவிட்டால் உலாவி அவற்றை ஒவ்வொரு பைற்றாகப் பிரித்து, பொருளற்ற 36 அடையாளங்களாகக் காட்டக்கூடும்.

நான்காவது, முகப்புப் பக்கத்தின் பெயர். அது 'இன்டெக்ஸ்.எச்.ரி.எம்.எல்.' ஆக இருக்க வேண்டும். தளத்தின் முகவரியை மட்டும் ஒருவர் தட்டும்போது வழங்கி தானாகத் தேடி எடுக்கும் பெயர் அது. 'ஹோம்' என்றோ 'முகப்பு' என்றோ வைத்தால், கோப்பு அங்கே இருந்தும் தளம் திறக்காது.

இணைப்பு விபரங்களும் சைற் மனேஜரும்

ஹோஸ்டிங் வாங்கியவுடன் நிறுவனம் ஒரு மின்னஞ்சல் அனுப்பும். அதில் நான்கு விடயங்களைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்: வழங்கியின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல், வாயில் இலக்கம். ஆள்களப் பெயர் இன்றுதான் வாங்கியதாக இருந்தால், அந்தப் பெயர் வழங்கியைச் சுட்டத் தொடங்கச் சில மணி நேரமும், சில வேளைகளில் ஒன்றிரண்டு நாட்களும் செல்லலாம். அதுவரை உங்கள் ஆள்களப் பெயரைக் கொண்டு இணைக்க முயலாமல், மின்னஞ்சலில் உள்ள வழங்கியின் சொந்தப் பெயரையோ அதன் எண்வடிவ முகவரியான ஐ.பி. இலக்கத்தையோ பயன்படுத்துங்கள். '.எல்.கே.' முகவரிக்கும், 2010 இலிருந்து நமக்குக் கிடைத்திருக்கும் '.இலங்கை' என்ற தமிழ் முகவரிக்கும் இதுவே பொருந்தும்.

ஃபைல்சில்லாவை அதன் சொந்தத் தளத்திலிருந்தே தரவிறக்குங்கள். நிறுவும்போது ஒவ்வொரு திரையையும் வாசித்தே அடுத்ததற்குச் செல்லுங்கள். வேறு மென்பொருளையும் சேர்த்து நிறுவவா என்று கேட்டால் மறுத்துவிடலாம்.

நிரலைத் திறந்ததும் மேலே விரைவு இணைப்புக்கான கட்டங்கள் தெரியும். அவற்றைப் பயன்படுத்தாமல், ஃபைல் பட்டியலில் உள்ள சைற் மனேஜரைத் திறந்து புதிய தளம் ஒன்றைச் சேருங்கள். தெரிவுகள் எல்லாவற்றையும் நீங்களே பார்த்து நிரப்பக்கூடிய இடம் அதுதான். நெறிமுறை என்ற இடத்தில் எஃப்.ரி.பி. அல்லது எஸ்.எஃப்.ரி.பி.; ஹோஸ்ற் என்ற இடத்தில் வழங்கியின் முகவரி; எஃப்.ரி.பி. ஆயின் குறியாக்கம் என்ற இடத்தில் ரி.எல்.எஸ். கட்டாயம் என்று பொருள்படும் தெரிவு. உள்நுழையும் வகையில், உங்கள் சொந்த மடிக்கணினியானால் 'நோர்மல்'. கடையிலோ வகுப்பிலோ உள்ள பொதுக் கணினியானால் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லைக் கேட்கும் தெரிவு. பொதுக் கணினியில் சேமித்துவைத்த கடவுச்சொல்லை அடுத்து வருபவர் இலகுவாக எடுத்துவிடலாம்.

கனெக்ற் பொத்தானை அழுத்தியதும், ரி.எல்.எஸ். வழியானால், முதன்முறை மட்டும், சான்றிதழ் ஒன்றைக் காட்டி நம்புகிறீர்களா என்று நிரல் கேட்கும். அதிலுள்ள பெயர் ஹோஸ்டிங் நிறுவனத்தின் வழங்கிப் பெயராக இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். தொடர்பே இல்லாத பெயர் தெரிந்தால் நிறுத்திவிட்டு நிறுவனத்திடம் கேளுங்கள்.

மேலேயுள்ள செய்திப் பகுதியில் வரிகள் ஓடும். அவற்றை வாசிக்கப் பழகுவது, நான் அறிந்தவரை, இந்த வேலையில் கிடைக்கும் மிகப் பெரிய உதவி. எஃப்.ரி.பி.யில் 220 என்றால் வழங்கி வரவேற்கிறது. 331 என்றால் கடவுச்சொல்லைக் கேட்கிறது. 230 என்றால் உள்ளே வந்துவிட்டீர்கள். 226 என்றால் ஒரு பரிமாற்றம் முழுமையாக முடிந்தது. இரண்டில் தொடங்கும் இலக்கங்கள் நல்ல செய்தி; நான்கில் தொடங்குபவை சற்றுப் பொறுத்து மீண்டும் முயலக்கூடிய தடைகள்; ஐந்தில் தொடங்குபவை நீங்கள் எதையாவது திருத்தினாலன்றித் தீராத தடைகள்.

உள்ளே வந்த பின்னரும் கோப்புப் பட்டியல் வராமல் நிற்கிறதா? பெரும்பாலும் காரணம் பரிமாற்ற முறை. எஃப்.ரி.பி.யில் கட்டளைக்கு ஒரு தொடுப்பும் தரவுக்கு இன்னொரு தொடுப்பும் தேவை. 'அக்டிவ்' முறையில் அந்த இரண்டாவது தொடுப்பை வழங்கியே உங்கள் கணினியை நோக்கித் திறக்க முயலும். நீங்களோ ரவுட்டருக்கோ தொலைபேசி நிறுவனத்தின் வலைக்கோ பின்னால் இருக்கிறீர்கள். படலை உட்புறம் பூட்டிய வளவுக்கு வெளியில் நின்று ஆளைக் கூப்பிடுவது போல, வழங்கியின் அழைப்பு உங்களை எட்டாது. 'பாசிவ்' முறையில் இரண்டு தொடுப்புகளையும் உங்கள் கணினியே திறக்கும். சைற் மனேஜரின் பரிமாற்ற அமைப்புகளில் பாசிவைத் தெரிந்தால் பெரும்பாலும் பட்டியல் வந்துவிடும்.

எந்தக் கோப்புறைக்குள் இறக்குவது

திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். இடப்பக்கம் உங்கள் கணினி, வலப்பக்கம் வழங்கி. வலப்பக்கத்தில் பல கோப்புறைகள் தெரியும். அவற்றில் உலகத்துக்குத் திறந்திருப்பது ஒன்றே. சீபனல் என்ற கட்டுப்பாட்டுப் பலகம் உள்ள ஹோஸ்டிங்கில் அதன் பெயர் 'பப்ளிக்_எச்.ரி.எம்.எல்.', வேறு இடங்களில் 'எச்.ரி.டொக்ஸ்', 'எச்.ரி.ரி.பி.டொக்ஸ்', அல்லது மூன்று டபிள்யூ எழுத்துகள். அதைத் திறந்து அதற்குள்தான் கோப்புகளை இட வேண்டும். மின்னஞ்சலுக்கும் பதிவேடுகளுக்கும் உரிய மற்றக் கோப்புறைகளைத் தொடவே வேண்டாம்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நிகழ்கின்றன. ஒன்று, உங்கள் தளம் இருக்கும் கோப்புறையை அப்படியே தூக்கிப் போடுவது. 'மைசைற்' என்ற கோப்புறையை முழுதாக ஏற்றினால் உங்கள் முகவரிக்குப் பின்னால் 'மைசைற்' என்றும் தட்டினால்தான் பக்கம் திறக்கும். கோப்புறையைத் திறந்து அதன் உள்ளே இருப்பவற்றையே ஏற்ற வேண்டும். மற்றையது, சீபனலில் புதிதாக ஓர் எஃப்.ரி.பி. கணக்கு உருவாக்கும்போது, கோப்புறை என்ற கட்டத்தில் தானாக நிரம்பும் பாதையைக் கவனியாமல் விடுவது. அந்தக் கணக்கு தன் பெயரிலேயே அமைந்த ஒரு வெறும் உட்கோப்புறைக்குள் அடைபட்டுவிடும். நீங்கள் ஏற்றியதெல்லாம் அதற்குள் போய்ச் சேரும். தளத்தில் எதுவும் தெரியாது. உருவாக்கும்போதே பாதையை 'பப்ளிக்_எச்.ரி.எம்.எல்.' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்தக் கோப்புறைக்குள் ஹோஸ்டிங் நிறுவனம் இட்ட தற்காலிக முகப்புப் பக்கம் ஏற்கெனவே இருக்கலாம். அதை அழிக்காமல் பெயரை மாற்றிவையுங்கள்.

இடமிருந்து வலம்

இடப்பக்கத்தில் உள்ள கோப்பின் மீது இரட்டைச் சொடுக்குச் செய்தால் அது வலப்பக்கம் போகும். வலப்பக்கத்தில் உள்ளதன் மீது செய்தால் இடப்பக்கம் வரும். இந்த ஒரு வாக்கியத்தை நான் எழுத்தெண்ணி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில், நீர் விநியோக அட்டவணை ஒன்றைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் முடிவுகளுக்கேற்ப இரண்டு மாலை இருந்து திருத்தினேன். எந்த வாய்க்காலுக்கு எந்த நாள், எத்தனை மணி என்று வரி வரியாக. ஏற்றும்போது வலப்பக்கத்தில் இருந்த பழைய அட்டவணையின் மீது சொடுக்கிவிட்டேன். கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, மேலெழுதவா என்று நிரல் கேட்டது. வாசியாமல் சம்மதம் கொடுத்தேன். பழைய கோப்பு கீழிறங்கி என் புதிய கோப்பை அழித்துவிட்டது. வேறு பிரதி இருக்கவில்லை. கூட்டக் குறிப்பை மீண்டும் வாங்கி முதலிலிருந்து எழுதினேன்; ஒரு தவணைத் தண்ணீர் திறந்த பின்னரே சரியான அட்டவணை தளத்தில் வந்தது.

ஆகையால் மூன்று பழக்கங்களைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். இணைப்பைத் திறக்குமுன், தளத்தின் கோப்புறையைத் திகதியிட்டுப் பென்டிரைவில் பிரதியெடுங்கள். இரட்டைச் சொடுக்கை விட்டு, வலச் சொடுக்கு செய்து 'அப்லோட்' என்ற சொல்லைக் கண்ணால் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். மேலெழுதவா என்ற பெட்டி வந்தால், அதில் இரண்டு கோப்புகளின் அளவும் திகதியும் தரப்பட்டிருக்கும். எது எங்கிருந்து எங்கே போகிறது என்பதை வாசித்த பின்னரே விடை கொடுங்கள். எல்லாவற்றுக்கும் இதையே செய் என்ற கட்டத்தில் புள்ளடி இட வேண்டாம்.

எந்த ஒழுங்கில் ஏற்றுவது என்பதும் முக்கியம். முதலில் படங்கள், பின்னர் அலங்காரக் கோப்பு, பின்னர் உட்பக்கங்கள், முகப்புப் பக்கம் கடைசியில். முகப்பை முதலில் ஏற்றினால், மற்றவை வந்து சேருமுன் தளத்தைத் திறப்பவருக்கு உடைந்த படங்களும் திறக்காத இணைப்புகளுமே தெரியும். ஏற்கெனவே இயங்கும் தளத்தைப் புதுப்பிக்கும்போது இன்னும் கவனமான வழி ஒன்று உண்டு. புதிய பக்கத்தை 'இன்டெக்ஸ்-நியூ' என்ற பெயரில் ஏற்றி, உலாவியில் அந்தப் பெயரிலேயே திறந்து பாருங்கள். சரியாக இருந்தால், வழங்கியிலேயே பழையதைத் திகதியுடன் பெயர் மாற்றிவிட்டுப் புதியதற்கு உரிய பெயரை இடுங்கள். பெயர் மாற்ற ஒரு கணமே செல்லும். இணைப்பு அறுந்து பாதிப் பக்கம் தொங்கும் நிலை ஏற்படாது.

மின்சாரமும் அலையும் நின்றுபோனால்

2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்த நாட்களில், கோப்பேற்றும் வேலையை எப்படித் துண்டு துண்டாகச் செய்வது என்பதை நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்டோம். இன்று நிலைமை அப்படியில்லை; ஆனாலும் மாரியில் இடி மின்னலோடு மழை பெய்தால் மின்சாரம் போவதும், பிற்பகலில் டொங்கிளின் வேகம் குறைவதும் உள்ளதே.

இணைப்பு நடுவில் அறுந்தால், அப்போது போய்க்கொண்டிருந்த கோப்பு வழங்கியில் பாதியாகக் கிடக்கும். பெயர் சரியாக இருப்பதால் ஏறிவிட்டது என்றே நினைக்கத் தோன்றும். 180 கிலோபைற்றுப் படம் அங்கே 64 கிலோபைற்றாக இருந்தால், உலாவியில் அதன் மேற்பகுதி மட்டும் தெரிந்து கீழ்ப்பகுதி சாம்பல் நிறமாகவோ வெறுமையாகவோ இருக்கும். ஃபைல்சில்லாவின் அடிப்பகுதியில் தோல்வியடைந்த பரிமாற்றங்களுக்கென ஒரு தாவல் உண்டு. அங்கே உள்ளவற்றை வலச் சொடுக்கு செய்து மீண்டும் வரிசையில் சேர்த்து ஓட விடுங்கள். மேலெழுதவா என்று கேட்கும்போது, பெரிய கோப்பானால் விட்ட இடத்திலிருந்து தொடரும் 'ரெசியூம்' தெரிவை எடுக்கலாம். சிறிய கோப்பானால் முழுதாக மேலெழுதுவதே பத்திரம்.

இணைப்பு மெதுவாக இருந்தால், ஃபைல்சில்லாவின் அமைப்புகளில் ஒரே நேரத்தில் போகும் பரிமாற்றங்களின் எண்ணிக்கையை 1 ஆகக் குறையுங்கள். வேகத்துக்காக அதை 10 ஆகக் கூட்டுமாறு சிலர் சொல்வார்கள். எங்கள் டொங்கிளில் அது பத்துக் கோப்புகளையும் பாதியில் விடுவதற்கே வழி செய்யும். வழங்கியும் 421 என்று சொல்லி இணைப்பை மறுக்கலாம்.

தளத்தை நடத்த உதவும் வேர்ட்பிரஸ் போன்ற, ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் உள்ள தொகுதியை எஃப்.ரி.பி.யில் ஒவ்வொன்றாக ஏற்றுவது இங்கே பெரும்பாடு. அதை ஒரே சிப் கோப்பாக ஏற்றி, ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஃபைல் மனேஜருக்குள் விரித்துக்கொள்ளுங்கள். அதற்குத் தரவுத்தளமும் வேண்டும் என்பதால், கோப்பேற்றியவுடன் தளம் இயங்கிவிடாது.

சரிபார்த்தல்

வரிசை வெறுமையானதும் வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டாம். வியூ பட்டியலில் இரு பக்கக் கோப்புறைகளையும் ஒப்பிடும் வசதி உள்ளது. அளவைக் கொண்டு ஒப்பிடச் சொன்னால், வேறுபட்டவற்றை நிறம் தீட்டிக் காட்டும். படங்களின் அளவு இரு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால், இணைப்பு அறுந்திருக்கலாம். அல்லது பரிமாற்ற வகை 'அஸ்கி' என்று மாறியிருக்கலாம். அஸ்கி வகை வரிமுடிவுகளை மாற்றுவது. எழுத்துக் கோப்புக்கு அது தீங்கில்லை, படத்தையோ சிதைத்துவிடும். 'ஓட்டோ' அல்லது 'பைனரி' என்று வையுங்கள்.

பிறகு கைத்தொலைபேசியில், வைஃபையை நிறுத்திவிட்டுத் தளத்தைத் திறந்து ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். மடிக்கணினியில் பழைய பக்கமே தெரிந்தால், உலாவி சேமித்துவைத்த பிரதியைக் காட்டுகிறது. கன்ட்ரோலோடு எஃப் 5 ஐ அழுத்துங்கள். 404 என்று வந்தால் பெயரோ இடமோ பிழை. பெரிய எழுத்து, சிறிய எழுத்தை முதலில் பாருங்கள். 403 என்று வந்தால் முகப்புப் பக்கம் இல்லை, அல்லது அனுமதி பிழை. கோப்புகளுக்கு 644, கோப்புறைகளுக்கு 755 என்பதே வழமையான அனுமதி. வலச் சொடுக்கு செய்து அந்த இலக்கத்தை இடலாம். எவராவது 777 இடச் சொன்னால் கேட்காதீர்கள்; அந்த வழங்கியில் உள்ள எவரும் எழுதக்கூடியதாகக் கோப்பைத் திறந்துவிடுவது அது.

ஃபைல்சில்லாவிலேயே 530 வந்தால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பிழை. மின்னஞ்சலிலிருந்து பிரதியெடுத்து ஒட்டும்போது முன்னும் பின்னும் ஓர் இடைவெளி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிழையான கடவுச்சொல்லைப் பல முறை தொடர்ந்து கொடுத்தால் சில வழங்கிகள் உங்கள் ஐ.பி. இலக்கத்தையே சிறிது நேரம் தடுத்துவிடும். மூன்றாம் முறையோடு நிறுத்துங்கள். 550 வந்தால் அந்தக் கோப்புறைக்குள் எழுத உங்களுக்கு அனுமதியில்லை, அல்லது அப்படியொரு கோப்பு இல்லை. 552 வந்தால் வாங்கிய இடம் நிரம்பிவிட்டது.

எல்லாம் திறக்கிறது என்று கண்டபின், வழங்கியில் உள்ள முழுக் கோப்புறையையும் அன்றைய திகதியிட்ட புதிய கோப்புறை ஒன்றுக்குள் தரவிறக்கிப் பென்டிரைவில் வையுங்கள். அதன் இரண்டாவது பிரதியை அமைப்பின் செயலாளரிடமோ, தளத்துக்குப் பொறுப்பான வேறொருவரிடமோ கொடுங்கள். ஹோஸ்டிங் கணக்கின் விபரங்களையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு அதே ஆளிடம் ஒப்படையுங்கள். நீங்கள் படிக்கவோ வேலைக்கோ கொழும்புக்குப் போன பிறகும் அடுத்த சிறுபோக அட்டவணையை அவர்கள் ஏற்ற வேண்டியிருக்கும். பொதுக் கணினியில் வேலை செய்திருந்தால், எடிற் பட்டியலில் உள்ள தனிப்பட்ட தரவுகளை அழிக்கும் தெரிவை இயக்கி, இணைப்பைத் துண்டித்து, உங்கள் கோப்புறையையும் அந்தக் கணினியிலிருந்து நீக்கிவிட்டு எழுந்திருங்கள்.